எஞ்சினுக்குச் சுகமில்லை

சன்னாசியண்ணன் தன் மெஷினைப் பற்றிப் பேசினால், புதிதாகக் கேட்பவன் வீட்டில் யாரோ படுத்த படுக்கையாகக் கிடக்கிறார்கள் என்றுதான் நினைப்பான். "நேத்துலேர்ந்து நெஞ்சடைப்பு தேவா" என்பார். "ரெண்டு தும்மல் தும்முச்சு, அப்புறம் கண்ணத் தொறக்கல" என்பார். எனக்கு எரிச்சலாக வரும். அது ஒரு பெட்ரோல் எஞ்சின். நீளமான அலுமினியக் குழாயின் கீழ் முனையில் ஒரு ரொட்டி டின் அளவுக்கு உட்கார்ந்திருக்கும். மேல் முனையில் வளைந்த அரிவாள். எஞ்சின் ஓடினால் அரிவாள் முன்னும் பின்னும் அதிர்ந்து செம்பனை மட்டையையும் குலையையும் அறுக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. அதற்குப் போய் நெஞ்சடைப்பு, தும்மல்.

நான் குலை லோரி ஓட்டுகிறவன். ரந்தா டவுனிலிருந்து உள்ளே வரும் செம்மண் சாலையில், எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் வீட்டு வரிசைகளில் கடைசி லயத்தில், அவருக்குப் பக்கத்து வீடு. நடுவில் பலகைச் சுவர்தான். அவர்கள் வீட்டில் கருவாடு பொரித்தால் எங்கள் வீட்டில் சோறு கூடுதலாக இறங்கும். அவர் பெண்டாட்டி புஷ்பவள்ளியக்கா இருமினால் எனக்குத் தூக்கம் கெடும். அதனால் அவர்கள் வீட்டுக் கதை என் வீட்டுக் கதை மாதிரிதான்.

நுனியில் அரிவாள் மாட்டிய கைக்கம்பால் வெட்டி வெட்டியே அவருடைய வலது தோள் போனது. ஒரு மழைநாளில் நனைந்த மட்டை ஒன்று கம்போடு சேர்த்து அவரைச் சுழற்றிக் கீழே தள்ளியது. அன்றிலிருந்து அந்தக் கை தோளுக்கு மேல் போகாது. சட்டை போட அக்காதான் உதவ வேண்டும். மெஷின் வந்த பிறகுதான் அவர் மறுபடி ஆம்பளையாக நிமிர்ந்தார். குழாயை இடுப்போடு அணைத்துத் தாங்கினால் போதும், இழுக்கிற வேலையை எஞ்சின் பார்த்துக்கொள்ளும். அவர் வெட்டுவார். அக்கா உதிரிப் பழம் பொறுக்கி, குலைகளைக் கைவண்டியில் தள்ளிக்கொண்டு வந்து சாலையோரம் அடுக்குவாள். நான் வந்து ஏற்றிக்கொண்டு போவேன்.

எங்கள் தோட்டத்தில் நிரை இருக்கிறவனுக்குத்தான் வீடு. நிரை என்றால் ஒருவன் பொறுப்பில் இருக்கிற மரங்கள். நிரை போனால் லயத்து வீட்டுச் சாவியும் ஆபீசுக்குப் போய்விடும். அவர்களுடைய ஒரே மகள் பட்டணத்தில், லோபாக்கில், அடுக்குமாடி வீட்டில் மாமனார், மாமியார், நாத்தனாரோடு இருக்கிறாள். அங்கே போனால் இவர்கள் பாய் விரிக்கச் சமையலறை மட்டும்தான் மிச்சம். அக்கா ஒரு தரம் போய்த் தங்கிவிட்டு வந்து, "அடுப்பு சூடு ஆறுற வரைக்கும் உக்காந்துட்டே இருக்கணும் தம்பி, அப்புறம்தான் படுக்கலாம்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அதனால் அந்த மெஷினை அவர் பார்த்துக்கொண்ட பார்வையைக் குறை சொல்ல முடியாது. சாயங்காலம் குளித்துவிட்டு வாசலில் சாக்கை விரிப்பார். காற்று போகிற பஞ்சைக் கழற்றிச் சவுக்காரத் தண்ணீரில் அலசிப் பிழிந்து, கொடியில் தன் பனியனுக்குப் பக்கத்தில் காயப்போடுவார். பிளக்கைக் கழற்றி அக்காவின் பழைய பல் பிரஷ்ஷால் கரி போகத் தேய்ப்பார். பெட்ரோல் தொட்டிக்குள் கம்பிக் கொக்கியை விட்டு, குழாய் முனையில் இருக்கும் சின்ன வடிகட்டியை மீன் பிடிப்பது போல் வெளியே இழுத்துப் பார்ப்பார். பெட்ரோலில் கலக்கிற எண்ணெயை அளக்க, பேரனுடைய பால் புட்டி ஒன்று வைத்திருந்தார். அதில்தான் கோடு சரியாக இருக்கிறதாம். புட்டியைக் கண்ணுக்கு நேரே தூக்கி, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பார்.

"என் பொண்டாட்டி எனக்கு இப்டி பாத்ததில்லண்ணே" என்பேன்.

"நீ கெட்டுப்போனா வேற டிரைவர் வருவான். இது கெட்டுப்போனா எனக்கு வேற கை ஏது?"

அதிகாலையில் அவர்கள் கிளம்புவதைப் பலகைச் சுவர் வழியே கேட்பேன். அக்கா மடியில் முனியாண்டி கோயில் திருநீறு முடிந்து வைத்திருப்பாள். வெள்ளிக்கிழமை தவறாமல் எல்லைக் கோயிலுக்குப் போய் வாங்கி வருவது. "வாயத் தொறங்க" என்று ஒரு சிட்டிகையை அவர் நாக்கில் போட்டு, இன்னொரு சிட்டிகையைத் தோளில் தேய்ப்பாள். "போதும் புஷ்பா, தொண்டைய அடைக்குது" என்பார் அண்ணன். பிறகு மோட்டார் சைக்கிள் கிளம்பும்.

அடைமழை மாதம் தொடங்கியபோது எஞ்சின் படுத்த ஆரம்பித்தது. கயிற்றை இழுத்தால் பிடிக்கும். சும்மா நின்று ஓடும்போது ஒரு குறையும் இருக்காது. மட்டையில் கத்தியை வைத்து விசையை அழுத்தினால் முனகிக்கொண்டே நின்றுவிடும். பாதி அறுபட்ட மட்டை மேலே தொங்கும். அண்ணன் மறுபடி இழுப்பார், மறுபடி நிற்கும். வடிகட்டியை இழுத்துப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் மண்டி ஒட்டியிருந்தது.

"பெட்ரோல்ல சேறு இருக்கு தேவா. மழத் தண்ணி தொட்டிக்குள்ள எறங்கியிருக்கும்."

"அதே பெட்ரோல்தான நம்ம மோட்டார்லயும் ஊத்துறோம். அது ஓடுதே."

"அது பெரிய வயிறு, தாங்கும். இது பச்சப் புள்ள."

ரந்தாவில் வாங்குவதை விட்டுவிட்டு, பெட்ரோலுக்காகவே தூரத்து ராசா ஊர் வரைக்கும் போய் வந்தார். மெல்லிய துணியில் வடிகட்டி ஊற்றினார். இரண்டு நாள் நன்றாக இருக்கும். மூன்றாவது நாள் பழைய குருடி கதவைத் திறடி. ராசா பெட்ரோலையும் திட்டுவார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, கழற்றிய திருகாணிகளை ஒரு மூடியில் பொறுக்கி வைத்துக்கொண்டே எஞ்சினைப் பார்ப்பாள். காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்க்கிற முகம் அது.

வெட்டு பின்தங்கியது. பழுத்த குலைகள் மரத்திலேயே உதிர்ந்தன. ஒரு வியாழக்கிழமை காலை பெரட்டுக் களத்தில், வேலையாட்களைப் பேர் கூப்பிட்டு முடிந்ததும், வேலையை மேற்பார்க்கிற மண்டோர் கணேசமூர்த்தி எங்கள் பக்கம் வந்தான். கெட்டவன் இல்லை. அவனுக்கு மேலே இருக்கிறவர்கள் அவனைப் பிழிய, அவன் கீழே இருக்கிறவர்களைப் பிழிகிறான்.

"சன்னாசியண்ணே, ஒங்க நெரயில பழம் அழுகுது. ஆபீஸ்ல படம் புடிச்சி அனுப்பிட்டாங்க."

"எஞ்சினுக்கு சுகமில்ல மண்டோரே. ரெண்டு நாள் குடு."

"எத்தன ரெண்டு நாள் குடுக்கறது? நான் என்னா பண்ண சொல்லுங்க. திங்கக்கெழம மில்லுக்கு லோரி போறப்ப ஒங்க நெரக் குலையும் அதுல இருக்கணும். இல்லன்னா நெரய ரஹ்மத் பேருக்கு எழுதச் சொல்லிட்டாங்க லா."

"வீடு?"

கணேசமூர்த்தி பாக்கெட்டில் கையை விட்டான். கைப்பேசியைப் பார்த்தான். "தோட்டத்து மெஷின் ஒன்னு குடேன்" என்று நான் குறுக்கே விழுந்தேன். "அதெல்லாம் கொன்ட்ராக்டர் ஆளுங்களுக்குண்ணே, என் கையில இல்ல" என்றுவிட்டு மோட்டாரை உதைத்தான்.

ரஹ்மத் இந்தோனேசியாவில் லொம்போக்கிலிருந்து வந்தவன். எதிர் லயத்தில் தனியாக இருக்கிறான். கைக்கம்பாலேயே இரண்டு ஆள் வேலை செய்வான். அன்று களத்தில் அவன் எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டிச் சிரித்தான். எப்போதும் சிரிக்கிறவன்தான். அண்ணனுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையிலேயே வாசலில் மறுபடி சாக்கு விரிந்தது. மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. அக்கா மரவள்ளிக்கிழங்கு அவித்து, வெங்காயச் சம்பலோடு வைத்தாள். அண்ணன் தொடவில்லை. கொக்கியால் வடிகட்டியை இழுத்தார். மறுபடியும் சாம்பல் மண்டி. அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவர், குழாயிலிருந்து அதைப் பிடுங்கி வாசலுக்கு வெளியே மழையில் எறிந்தார்.

"என்னாண்ணே பண்றீங்க? நான் லோரியில இப்டி செஞ்சா மொதலாளி என்னைய உரிச்சிருவாரு."

"இதுதான் அடைக்குது. இது இல்லன்னா எப்டி அடைக்கும்?"

"அழுக்கு உள்ள போயிருமே."

"நாலு நாளைக்கு ஓடட்டும் தேவா. திங்கக்கெழம தாண்டட்டும். அப்புறம் புதுசு வாங்கி மாட்டிக்கறேன்."

மழை விட்டதும் செம்பனைக் காட்டுக்குப் போனார்கள். எஞ்சின் அன்று போட்ட சத்தம் சாலை வரைக்கும் கேட்டது. லோரியில் இருந்து பார்த்தேன். குலைகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. அக்கா சேறு தெறித்த முகத்தோடு கைவண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். என்னைப் பார்த்து, "தம்பி, முனியாண்டி கண்ணத் தொறந்துட்டாரு" என்றாள். அன்று ராத்திரி அவர்கள் வீட்டில் பாயசம். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் பாடக்கூடச் செய்தார். கேட்கச் சகிக்கவில்லை. ஆனால் சந்தோஷமாக இருந்தது.

சனிக்கிழமை காலை, மூன்றாவது மரமோ நான்காவது மரமோ, எஞ்சின் தகரத்தைக் கிழிப்பது போல ஒரு சத்தம் போட்டு நின்றது. அதற்குப் பிறகு கயிறு அசையவில்லை.

என் காரின் பின் இருக்கையை மடக்கி, குழாயைக் கழற்றி வைத்து, இருவரையும் ரந்தாவுக்குக் கூட்டிப்போனேன். தௌஃபீக் பாய் கடை. புல் வெட்டுகிற மெஷின், மரம் அறுக்கிற மெஷின் எல்லாம் அவரிடம்தான் வரும். வழியெல்லாம் அக்கா எஞ்சினை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். எண்ணெய் சேலையில் ஊறியது. கவனிக்கவில்லை.

தௌஃபீக் பாய் கார்ப்ரேட்டரைக் கழற்றினார். சல்லடை இருக்கிற இடத்தில் சாம்பல் களிம்பு அப்பியிருந்தது. விரலால் தொட்டு, இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தார். பிறகு சிலிண்டரைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார். உள்ளே பளபளவென்று இருக்க வேண்டிய சுவர் முழுக்க மேலும் கீழுமாகக் கீறல்.

"வடிகட்டி எங்கண்ணே?"

"கழட்டிட்டேன் பாய்."

"அது சரி. ஆனா இது பெட்ரோல் சேறு இல்ல. சாம்பல். யாரோ தொட்டிக்குள்ள சாம்பலப் போட்டிருக்காங்க. பாருங்க, உப்புத்தாள் போட்டு தேச்ச மாதிரி தேச்சிருச்சு."

அண்ணன் முகம் இறுகியது. "சாம்பலா?"

"கொஞ்சம் நஞ்சமில்ல. ரொம்ப நாளா போட்டிருக்கணும்."

"புது சிலிண்டரு மாட்ட முடியாதா பாய்?" என்று கேட்டேன்.

"கோலாலம்பூர்லேர்ந்து வரணும். அடுத்த வாரம்தான் ஆகும். இப்ப என்னால ஆனது, இதத் தேச்சு வழிச்சு மாட்டித் தரேன். ஓடுனா ஓடும். சத்தியம் பண்ண மாட்டேன்."

அவர் தேய்த்து மாட்டுகிற வரைக்கும் அண்ணன் அந்தச் சாம்பல் களிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கடை வாசலில் நின்று சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். வாங்கிய குவளையை அப்படியே படியில் வைத்துவிட்டாள். 

காரில் வரும்போது அண்ணன் சொன்னார்: "நான் தண்ணி குடிக்கப் போறப்ப மெஷின மரத்துல சாச்சு வெச்சிட்டுப் போவேன். பக்கத்து நெர யாரோடது தேவா?"

"அண்ணே, சும்மா இருங்க."

"சொல்லு லா. யாரோடது?"

ரஹ்மத்துடையது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "கண்ணால பாக்காம பேசாதீங்க" என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

லயத்தில் கார் நின்றதும் வீட்டுக்குள் போனவர், கைக்கம்பில் மாட்டுகிற அரிவாளை இடது கையில் எடுத்துக்கொண்டு வந்தார். வலது கைதான் தூக்க முடியாதே. எதிர் லயத்தை நோக்கி நடந்தார். நான் ஓடிப்போய் இடுப்பைப் பிடித்தேன். என்னை உதறினார். ஒரு கை போன மனிதனுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. ரஹ்மத் வாசலில் அடுப்பு வைத்து மீன் பொரித்துக்கொண்டிருந்தான். அரிவாளைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"கெனாப்பா, பாங்?" என்றான். என்ன அண்ணே என்று கேட்கிறான், பாவம்.

"என் சோத்துல மண்ணப் போட்டுட்டு என்னான்னா கேக்குற?"

புஷ்பவள்ளியக்கா செருப்பில்லாமல் சேற்றில் ஓடி வந்து நடுவில் நின்றாள்.

"அவன் இல்லங்க. நான்தான் போட்டேன்."

"தள்ளு புஷ்பா."

"நான்தாங்க. சாம்பல் இல்ல. திருநீறு. பெட்ரோல் ஊத்துற வாயில தெனம் ஒரு சிட்டிக."

அண்ணன் அவளையே பார்த்தார். அரிவாள் இன்னும் தூக்கியபடியே இருந்தது.

"எதுக்குடி?"

"ஒங்களுக்கு வாயில போடறேன்ல. போட்டாதான காட்டுலேர்ந்து முழுசா திரும்பி வரீங்க. அதுக்கும் போட்டேன். அது நின்னா நீங்க நிப்பீங்கல்ல." மூச்சு வாங்கினாள். "அப்புறம் நீங்களே சுகமில்ல, சுகமில்லன்னு சொன்னீங்க. கூட ஒரு சிட்டிக போட்டேன். இன்னும் முடியலன்னு சொன்னீங்க. இன்னும் கூடப் போட்டேன். எனக்கு என்னாங்க தெரியும்? நமக்கு முடியலன்னா அதத்தான வாயில போடுவாங்க."

 வேறு யார் வீட்டிலாவது நடந்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன். அண்ணன் அரிவாளைக் கீழே விட்டார். அப்படியே ரஹ்மத் வீட்டுப் படியில் உட்கார்ந்துகொண்டார்.

"அடிங்க என்னைய" என்றாள் அக்கா.

"எதுக்கு?" என்றார்.  "நீ போட்டதெல்லாம் வடிகட்டியிலதான் நின்னுச்சு. அது பாட்டுக்கு அடச்சி அடச்சி நிறுத்திப் பாத்துச்சு. நான்ல அதப் புடுங்கி எறிஞ்சேன். ரெண்டு பேரும் சேந்துதான் கொன்னிருக்கோம்."

ரஹ்மத் என்னைப் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஒன்றுமில்லை, மீன் வாசனை வந்தது" என்று மலாயில் சொன்னேன். அந்த நல்ல மனிதன் ஒரு தட்டில் இரண்டு மீனை வைத்து அக்காவிடம் நீட்டினான். அக்கா அதை வாங்கிக்கொண்டு அழுதாள்.

திங்கட்கிழமை அந்தக் காட்டில்தான் எனக்குக் குலை ஏற்றுகிற முறை. விடிந்ததும் லோரியைக் கொண்டுபோய்ச் சாலையில் நிறுத்தினேன். நிரைக்குள் பனி இறங்கிக் கிடந்தது. அண்ணன் மெஷினைத் தரையில் கிடத்தி, ஒரு காலால் குழாயை மிதித்துக்கொண்டு இடது கையால் கயிற்றை இழுத்தார். நல்ல எஞ்சின் என்றால் கயிறு முரண்டு பிடிக்கும். இது தடையே இல்லாமல் நூல் மாதிரி வந்தது. மறுபடி இழுத்தார். பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டி இழுத்தார். சட்டை முதுகோடு ஒட்டிப் போனது. அக்கா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். வாய் மட்டும் முணுமுணுத்தது.

"மூச்சே இல்ல" என்றார் அண்ணன். நிமிர்ந்து மரங்களைப் பார்த்தார். வரிசையாக, பழுத்துச் சிவந்த குலைகளோடு, மேடேறிப் போய்க்கொண்டே இருந்தன. 

பிறகு அவர் கேட்டதை என் காதால் கேட்டிருக்காவிட்டால் நம்பியிருக்க மாட்டேன்.

"புஷ்பா, மடியில அது இருக்கா?"

"எதுங்க?"

"திருநீறு. ஒரு சிட்டிக கொண்டா."

அக்காவின் முகம் போன போக்கைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. "இல்லிங்க. நேத்தே எல்லாத்தையும் கால்வாயில கொட்டிட்டேன்."

"கொஞ்சங்கூட இல்லியா?"

அவள் மடி முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். துணியில் சாம்பல் கறைதான் இருந்தது. அண்ணன் அதில் விரலைத் தேய்த்தார். ஒட்டியதைக் கொண்டுபோய் எஞ்சின் தலையில் தடவினார். அது அவர் தொழுகிற மாதிரியும் இருந்தது, மன்னிப்புக் கேட்கிற மாதிரியும் இருந்தது. மறுபடி ஒரு தரம் கயிற்றை இழுத்தார். நூல் மாதிரி வந்தது.

கைவண்டியில் பழைய கைக்கம்பு கிடந்தது. யாரும் கேட்காமல் அக்காவே எடுத்து வந்திருக்கிறாள். அண்ணன் அதை இடது கையால் நிமிர்த்தி, முதல் மரத்து மட்டை இடுக்கில் அரிவாளை மாட்டினார். இழுத்தார். கம்பு வளைந்ததே தவிர மட்டை அசையவில்லை. வலது கையைத் தூக்கப் பார்த்தார். பாதியில் "அம்மா" என்று நின்றுவிட்டார். அக்கா அவருக்குப் பின்னால் வந்து, அவர் தோளுக்கு மேலே கையை நீட்டிக் கம்பைப் பிடித்தாள்.

"சொல்லுங்க, எப்ப இழுக்கணும்?"

"இப்ப."

இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தார்கள். மட்டை விழுந்தது. அப்படி ஒரு கம்பை இரண்டு பேர் இழுத்து வெட்டி நான் பார்த்ததில்லை. இடித்துக்கொண்டார்கள், வழுக்கினார்கள், ஒருவர் காலை ஒருவர் மிதித்தார்கள். "மேல பாக்காதீங்க, இந்த மரத்த மட்டும் பாருங்க" என்று அவள் சொல்வது கேட்டது. வெயில் ஏறும்வரை இழுத்துச் சாலையோரம் வந்து சேர்ந்த குலைகள் லோரியின் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. நான் ஹாரன் அடிக்காமல் காத்திருந்தேன். மில்லில் திட்டு வாங்கினால் வாங்கிக்கொள்கிறேன்.

கணேசமூர்த்தியின் மோட்டார் வந்தது. பின்னால் ரஹ்மத் தன் கம்போடு உட்கார்ந்திருந்தான். இறங்கினார்கள். மண்டோர் நிரையைப் பார்த்தான், லோரியைப் பார்த்தான். பேச வாயெடுத்தான்.

மேலே ஒரு குலை பாதி அறுபட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் திரும்பாமலே சொன்னார்: "தெரியும் மண்டோரே. இந்த ஒன்னு மட்டும் விழட்டும்."

கணேசமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டான்.

இழுத்தார்கள். குலை தொப்பென்று விழுந்து, பழங்கள் நாலா பக்கமும் சிதறின. அண்ணன் கம்பை மரத்தில் சாய்த்துவிட்டுத் தோளைப் பிடித்தபடி நின்றார். அக்கா வழக்கம்போல் சாக்கை எடுத்தாள். குனிந்து உதிரிப் பழங்களைப் பொறுக்க ஆரம்பித்தாள். புல்லுக்குள் போனதை, மட்டைக்கு அடியில் உருண்டதை, ஒன்று விடாமல் பொறுக்கினாள். இனி அது அவள் நிரை இல்லை.  ரஹ்மத் தன் கம்பைத் தரையில் வைத்துவிட்டு, அவள் முடிக்கும்வரை ஒரு மரத்தையும் தொடாமல் ஓரமாக நின்றான்.

சாக்கைக் கட்டித் தூக்கிக்கொண்டு லோரியருகே வந்தாள். முகம் முழுக்க வியர்வையும் மண்ணும்.

"தம்பி, இத ஏத்திக்க. மில்லுல அவரு பேருலயே எழுதச் சொல்லு."

"சரிக்கா."

பின்னால் அண்ணன் செத்த எஞ்சினை ஒற்றைக் கையால் அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.  அவளைப் பார்த்து, "புஷ்பா, லோபாக்குக்கு இதையும் எடுத்துக்கிட்டுப் போலாமா?" என்று கேட்டார். "எடம் இருக்குமா?"

"சமையக்கட்டுல என் தலமாட்டுல வெச்சிக்கலாங்க" என்றாள் அக்கா.